மறுபடியும் அதே காரா? கணக்குக் கேட்டு வாங்குங்கள்!

காஞ்சீபுரத்துக்குச் சேலை எடுக்கப் போகிறார் ஒரு அம்மாள். போன தீபாவளிக்கு எடுத்த அதே நிறம், அதே கரை, அதே முந்தானை வேண்டும் என்று கேட்பாரா? மாட்டார்! "புதுசா என்ன வந்திருக்கு?" என்றுதான் கேட்பார்.

கார் வாங்கப் போகிறவர்களில் பலர் அப்படி இல்லை. "எங்களிடம் இருந்ததே, அதே வண்டி! அதில் புதிதாக ஒன்று கொடுங்கள்" என்கிறார்கள். ஒரே மாடல் காரை இரண்டு முறை, மூன்று முறை வாங்கியவர்கள் உண்டு. ஒரே குடும்பத்தில் தாத்தாவும் அப்பாவும் மகனும் வாங்கியதும் உண்டு.

இது என்ன விந்தை? பழக்கமா? பாசமா? பயமா? அல்லது பணம் மிச்சம் பிடிக்கும் புத்திசாலித்தனமா?

கிராமத்துக் குடும்பத்துக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. நிலம், வீடு, கல்யாணம் இவற்றுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு கார்தான். பல வருஷம் சேர்த்த பணம் அதில் போகிறது. சில வீடுகளில் அந்தக் கார்தான் சோறு போடுகிறது. தப்பான வண்டியை வாங்கிவிட்டால் கடன் நிற்கும், வண்டியும் நிற்கும்!

ஒரே முகம், 57 வருஷம்

இந்தியாவில் ஒரே மாடலைத் திரும்பத் திரும்ப வாங்கிய கதை என்றால், அது அம்பாசிடர் காரின் கதைதான்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியை பிர்லா குடும்பத்தார் 1942-ல் தொடங்கினார்கள். முதலில் குஜராத் கடற்கரையில் உள்ள ஓகா துறைமுகத்தில் வேலை நடந்தது. 1948-ல் தொழிற்சாலை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள உத்தர்பாராவுக்கு மாறியது. இங்கிலாந்து நாட்டின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு, 1957-ல் அம்பாசிடர் அங்கே பிறந்தது.

நேரு பிரதம மந்திரியாக இருந்த காலத்தில் பிறந்த கார் அது. மன்மோகன் சிங் பதவியை விட்டு இறங்கிய 2014 மே மாதத்தில்தான் அதன் உற்பத்தி நின்றது. ஏறக்குறைய 57 வருஷம்!

நடுவில் மாறுதல் இல்லாமல் இல்லை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று வந்தன. 1990-ல் நோவா வந்தது. பிறகு ஜப்பான் நாட்டு இசுசு கம்பெனியின் என்ஜின் வந்தது. முன்பக்கத்துக் கம்பி வலை மாறியது, விளக்கு மாறியது. ஆனால் அந்த உருண்டைத் தலையும் குடை போன்ற கூரையும் மாறவில்லை. தாத்தா வாங்கிய காரையும் பேரன் வாங்கிய காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

கிராமத்துப் பாதைக்கு அது ஏற்ற வண்டி. தரையிலிருந்து உயரமாக நிற்கும். தகடு கனமானது. பின்பக்கம் மாட்டு வண்டிக்காரருக்கும் புரியக்கூடிய பட்டை ஸ்பிரிங். பழைய வண்டிகளில் முன்சீட்டு ஒரே பலகை போல நீளமாக இருக்கும். கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். ஆகையால் டிரைவரோடு முன்னால் இருவர் உட்காரலாம்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்கவும் அதுதான். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அதுதான். கலெக்டர் வந்து இறங்குவதும் அதில்தான்.

வேறு வழி இல்லாத காலம்

"அப்படியானால் ஜனங்கள் அம்பாசிடர் மீது ஆசைப்பட்டுத்தான் மறுபடி மறுபடி வாங்கினார்களா?"

பாதிதான் உண்மை! மீதிப் பாதி, வேறு வழி இல்லாதது.

1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை இந்தியாவில் பெயர் சொல்லும் கார் கம்பெனிகள் மூன்றுதான். கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பியட் கார் செய்த பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சின்னக் கார் சென்னையில் தயாராயிற்று. வெளிநாட்டுக் கார் எளிதில் உள்ளே வர முடியாது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். பணத்தைக் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு, வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

விலையும் லேசானதல்ல. பிரதம மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி 12,000 ரூபாய் விலையுள்ள பியட் காரை வாங்க, பாங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடன் தீருமுன் 1966 ஜனவரியில் அவர் காலமானார். அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி, தமக்கு வந்த பென்ஷன் பணத்திலிருந்து அந்தக் கடனைக் கட்டி முடித்தார். பிரதம மந்திரிக்கே அப்படி என்றால், மற்றவர்கள் பாடு என்ன?

இதே கதை வெளிநாட்டிலும் நடந்தது. கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் என்ற சிறு கார் இருந்தது. பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் 1990-ல் ஒன்றாயின. வேறு கார்கள் கிடைத்தன. மறு வருஷமே டிராபன்ட் உற்பத்தி நின்றது!

ஒரே ஒரு மளிகைக் கடை உள்ள ஊரில், அந்தக் கடைக்கே தினமும் போகிறவரைப் பார்த்து, "என்ன விசுவாசமான வாடிக்கைக்காரர்!" என்று புகழ முடியுமா? இரண்டாவது கடை திறந்த பிறகும் அவர் பழைய கடைக்கே போனால்தான் அது விசுவாசம்.

இரண்டாவது கடை திறந்தது

காரில் அந்த இரண்டாவது கடை 1983-ல் திறந்தது. டிசம்பர் 14-ந் தேதி, முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதம மந்திரி இந்திரா காந்தி டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். ஹர்பால் சிங் அதற்குப் பிறகு வேறு கார் தேடவில்லை. 2010-ல் அவர் காலமாகும் வரை, அந்த ஒரே கார் அவரிடம் இருந்தது!

நாடு மாருதி பக்கம் திரும்பியது. அம்பாசிடர் 1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 விற்றது. 2014 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் விற்றது சுமார் 2,200 தான். வேறு வழி இல்லாமல் வாங்கியவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். விரும்பி வாங்கியவர்கள் மட்டும் கடைசி வரை நின்றார்கள். அவர்களில் டாக்சிக்காரர்கள் நிறையப் பேர்.

டாக்சிக்காரரின் புத்தி

இன்று கார்க் கடைக்குப் போனால் டஜன் கணக்கில் மாடல்கள். ஆயினும் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களில் பலர், ஒரே மாடலையே திரும்ப வாங்குகிறார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. கார் அவர்களுக்கு அலங்காரப் பொருளும் அல்ல. அவர்கள் நான்கு காரணம் பார்க்கிறார்கள்.

முதலாவது, மெக்கானிக். உத்திரமேரூர் போன்ற ஊரிலிருந்து சென்னை சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சீபுரத்துக்கோ செங்கற்பட்டுக்கோ வந்தவாசிக்கோ போகிற வழியில் வண்டி நின்றுவிட்டால், கம்பெனி ஆளுக்காகக் காத்திருக்க முடியாது. பக்கத்தில் உள்ள பட்டறைக்காரர் அந்த வண்டியை அறிந்திருக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிற மெக்கானிக், குடும்ப வைத்தியரைப் போன்றவர். வண்டி மாறினால் வைத்தியரும் மாற வேண்டும்!

இரண்டாவது, ஸ்பேர் சாமான். தெருவில் அதே வண்டி நிறைய ஓடினால், அதன் சாமான் சின்னக் கடையிலும் கிடைக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய சாமானும் கிடைக்கும்.

மூன்றாவது, டிரைவரின் கை. பிரேக்கை எவ்வளவு மிதித்தால் வண்டி எங்கே நிற்கும், சந்தில் எவ்வளவு வளைத்தால் திரும்பும் என்பது கைக்கும் காலுக்கும் பழகியிருக்கிறது. புதிய வண்டியில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

நான்காவது, விற்கும் விலை. நாலு பேருக்குத் தெரிந்த வண்டியை விற்பது சுலபம். அறியாத வண்டிக்குக் கேட்பார் இல்லை.

இந்த நான்கையும் கம்பெனிக்காரர்களும் அறிவார்கள். மாருதி கம்பெனி டிசையர் காரின் புதிய உருவத்தை வெளியிட்ட பிறகும், பழைய உருவத்தை 'டூர்' என்ற பெயரில் டாக்சிக்காரர்களுக்கென்று விற்றது. டொயோட்டா கம்பெனி 2022-ல் இன்னோவா கிறிஸ்டா டீசல் வண்டிக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்தியது. அதே வருஷம் ஹைகிராஸ் என்ற புதிய இன்னோவாவையும் கொண்டு வந்தது. ஆனாலும் 2023-ல் பழைய டீசல் கிறிஸ்டாவையே மறுபடி விற்க ஆரம்பித்தது. "அதே வண்டி வேண்டும்" என்ற குரலுக்கு அவ்வளவு பலம்!

ஆசை இருந்தாலும் வண்டி இல்லை

ஆனால் வாங்குகிறவர் விரும்பினால் மட்டும் போதாது. செய்கிறவர் செய்ய வேண்டுமே!

இதற்கு உதாரணம் தேடி உத்திரமேரூர்க்காரர்கள் தூரப் போக வேண்டாம். அவர்களுடைய காஞ்சீபுரம் மாவட்டத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ல் சாண்ட்ரோ என்ற உயரமான சின்னக் கார் அங்கேதான் முதலில் வெளிவந்தது. தலைப்பாகை கட்டியவரும் தலை இடிக்காமல் உட்காரலாம் என்று பெயர் வாங்கிய கார். 2014-ல் அதை நிறுத்தினார்கள். 2018-ல் அதே பெயரில் மறுபடி கொண்டு வந்தார்கள். 2022-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

1998-ல் வந்த சாண்ட்ரோவும் 2018-ல் வந்த சாண்ட்ரோவும் ஒன்றா? பெயர்தான் ஒன்று. உருவம் வேறு, உள்ளே இருப்பதும் வேறு. பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தது போலத்தான். பெயரைக் கேட்டுக் கொஞ்சலாம்; தாத்தாவின் அனுபவத்தை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு கதை கொஞ்சம் துக்கமானது. மறைமலை நகரில் இருந்த போர்டு தொழிற்சாலையில் 1999 முதல் ஐகான் கார் வந்தது. பிறகு பிகோ வந்தது. 2013-ல் ஈகோஸ்போர்ட் வந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்த தொழிலாளர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. அந்தக் காரை வைத்திருந்தவர்களுக்கு, "இனிமேல் சாமான் கிடைக்குமா?" என்ற கவலை வந்தது. சாமானும் சர்வீசும் தொடர்ந்து தருவோம் என்று கம்பெனி சொன்னது. ஆனால் "இதே வண்டியில் புதிது ஒன்று" என்று கேட்டவருக்குக் கொடுக்கப் புது வண்டி இல்லை!

உலகத்தை வென்ற கார் தோற்ற கதை

மாறாமல் இருப்பதே பலம் என்று நினைத்தால், அதுவும் தப்பு. அதற்கு அமெரிக்காவில் நடந்த கதையே சாட்சி.

ஹென்றி போர்டு 1908-ல் 'மாடல் டி' என்ற காரை வெளியிட்டார். அதன் விலை முதலில் 850 டாலர். வேலையைப் பிரித்து, வரிசையாக நகரும் பட்டையில் கார் செய்யும் முறையை அவர் 1913-ல் கொண்டு வந்தார். விலை வரவர இறங்கி 300 டாலருக்கும் கீழே வந்தது. விவசாயிகள் வாங்கினார்கள், தொழிலாளிகள் வாங்கினார்கள். 1927 வரை ஒன்றரைக் கோடி கார் விற்றது!

1914 முதல் 1925 வரை அந்தக் கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. "மாற்ற வேண்டியது என்ன இருக்கிறது?" என்பது போர்டின் எண்ணம். எதிரே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வேறு விதமாக நினைத்தது. பல நிறம் கொடுத்தது. அடிக்கடி உருவத்தை மாற்றியது. தவணையில் பணம் கட்ட வழி செய்தது. முதல் காராக மாடல் டி வாங்கியவர்கள், இரண்டாவது காருக்கு அங்கே போனார்கள். 1927-ல் போர்டு தமது மாடலை நிறுத்தினார். புதிய மாடல் செய்வதற்காகத் தொழிற்சாலை பல மாதம் மூடிக் கிடந்தது.

உயிர் காக்கும் மாறுதல்

நிறமும் உருவமும் மாறாவிட்டால் நஷ்டம் கம்பெனிக்குத்தான். ஆனால் சில விஷயம் மாறாவிட்டால் நஷ்டம் குடும்பத்துக்கு!

2014 ஜனவரியில், இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சிறிய கார்களை 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப் பை இல்லாத அந்த வண்டிகளில் ஒன்றுகூடப் பெரியவர்களைக் காப்பதில் ஒரு நட்சத்திரம் வாங்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. 2019 ஜூலை முதல் டிரைவருக்குக் காற்றுப் பை கட்டாயம் ஆயிற்று. அடுத்து, பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கட்டாயம் ஆயிற்று. புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், முன்பே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த ஆண்டு முடிவிலும் இந்தச் சட்டம் வந்தது. வண்டி மோதினால் கண் இமைக்கும் நேரத்தில் உப்பி, தலையும் மார்பும் அடிபடாமல் தாங்குகிற பை இது. சீட்டு பெல்ட்டும் போட்டிருந்தால்தான் இதனால் முழுப் பலன் உண்டு.

ஆகையால், "பழைய வண்டியே தேவலை, அதே மாடலில் செகண்ட் ஹாண்டில் ஒன்று பார்ப்போம்" என்கிறவர்கள், அது எந்த வருஷத்து வண்டி என்று கேட்க வேண்டும். ஒரே பெயர், ஒரே உருவம். ஆனால் ஒன்றில் உயிர் காக்கும் பை இருக்கும், மற்றதில் இருக்காது!

உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் வழி

அப்படியானால் என்ன செய்வது? அதே கார் வாங்கலாமா, கூடாதா?

இதற்கு வழி சொல்ல ஒரு பழைய சபை இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை 1,100 வருஷத்துக்கு முற்பட்டவை. குடவோலை முறையில் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தை அவை சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். ஒரு சிறு பையனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள்.

அதில் இரண்டு விதிகளைக் கவனிக்க வேண்டும். கடந்த மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவர் மறுபடி வர முடியாது. முன்பு பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது!

"நல்லவர், தெரிந்தவர், பழகியவர்" என்ற பேச்சு மட்டும் அங்கே செல்லவில்லை. "கணக்கு எங்கே?" என்று கேட்டார்கள்.

காருக்கும் அதுதான் விதி. பழைய வண்டி மறுபடி வீட்டுக்குள் வர வேண்டுமா? முதலில் கணக்குக் காட்டட்டும்!

கணக்கில் எழுத வேண்டியவை

இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஒன்று: எரிபொருள். ஓடிய கிலோமீட்டரை, ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். உதாரணமாக 60,000 கிலோமீட்டர் ஓட 4,000 லிட்டர் ஆகியிருந்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். கம்பெனி சொல்வது விளம்பரம்; நோட்டு சொல்வது நிஜம்.

இரண்டு: ரிப்பேர். வருஷத்துக்கு எவ்வளவு செலவாயிற்று? அதே சாமான் திரும்பத் திரும்பக் கெட்டதா?

மூன்று: நின்ற நாட்கள். பட்டறையில் எத்தனை நாள் கிடந்தது? வாடகை வண்டிக்கு இது மிக முக்கியம். நின்ற நாளில் வருமானம் இல்லை. தவணை மட்டும் உண்டு!

நான்கு: விற்கும் விலை. வாங்கிய விலையிலிருந்து இன்று விற்றால் வருவதைக் கழிக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் வண்டி தின்ற பணம்.

கணக்கு நன்றாக இருந்தால், மேலும் மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும். கம்பெனி அந்த மாடலை இன்னும் செய்கிறதா? மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? 2023 அக்டோபர் முதல் இந்தியாவிலேயே 'பாரத் என்கேப்' என்ற சோதனை முறை இருக்கிறது. மூன்றாவது, குடும்பம் அப்படியே இருக்கிறதா? வண்டி மாறாமல் இருக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் மாறிவிடுகிறார்கள். அன்று நால்வர், இன்று மருமகளும் பேரக் குழந்தையும் வந்திருக்கலாம். முழங்கால் வலியுள்ள பாட்டி ஏறி இறங்க வேண்டியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தால், தயங்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக், தெரிந்த கடை, தெரிந்த ஓட்டம் ஆகிய மூன்றும் பழைய வண்டி கொடுத்த சொத்து. அதே மாடலை வாங்கினால் அந்தச் சொத்தும் கூடவே வரும். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்!

பதில் சரியில்லை என்றால், பாசத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பழைய வண்டிக்கு நன்றி சொல்லி, பூமாலை போட்டு, நல்ல விலைக்கு விற்றுவிடலாம். அடுத்து வருகிற வண்டிக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட வேண்டும். என்றைக்காவது அதுவும் "மறுபடி நான் வரட்டுமா?" என்று கேட்கும். அன்று கணக்குக் கையில் இருக்க வேண்டும்!